680ஆவது இழை

மதுரை செல்லூரில் ஒரே தெருவைச் சேர்ந்த இரண்டு பெண்கள் குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் வயது 30. எடையும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒரே மருந்து, ஒரே அளவு, பத்து நாள் ஊசி. முடிவில் ஒருவரிடமிருந்து 12 கருமுட்டைகள் கிடைக்கின்றன, இன்னொருவரிடமிருந்து நான்கு. மருந்து ஏமாற்றவில்லை, மருத்துவரும் தவறவில்லை. அப்படியானால் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? அதில் ஒரு பங்கு அவர்கள் பிறக்கும்போதே மரபணுவில் எழுதி வந்தது.

முதலில் சினைப்பையின் கணக்கைப் பார்ப்போம். பெண் குழந்தை தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போதே அதன் சினைப்பைகளில் 60 முதல் 70 லட்சம் முட்டைகள் உருவாகிவிடுகின்றன. 2011 கணக்கெடுப்பின்படி மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகையே 30 லட்சம்தான். அதைப் போல் இரண்டு மடங்கு, ஒரு சாண் நீளக் கருவுக்குள்! ஆனால் கையிருப்பு வேகமாகக் கரைகிறது. பிறக்கும்போது மிஞ்சுவது 10 முதல் 20 லட்சம். பூப்பெய்தும்போது மூன்று, நான்கு லட்சம். அதிலும் முதிர்ந்து வெளியே வருபவை வாழ்நாள் முழுவதற்கும் 400, 500 மட்டுமே.

மாதந்தோறும் ஒன்றுதான் வெளிவருகிறது என்றாலும் புறப்படுவது ஒன்றல்ல. ஒவ்வொரு முட்டையும் நுண்ணறை என்ற சிறு நீர்ப்பைக்குள் இருக்கிறது. ஸ்கேன் அறையில் டாக்டர்கள் 'ஃபாலிக்கிள்' என்று சொல்வது இதைத்தான். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனைச் சுரந்ததும் பல நுண்ணறைகள் சேர்ந்து வளரத் தொடங்குகின்றன. அவற்றில் முந்திக்கொண்டது ஒரு தந்திரம் செய்கிறது. தானே சுரக்கும் ஈஸ்ட்ரோஜென், இன்ஹிபின் ஆகியவற்றின் மூலம் 'எஃப்.எஸ்.எச்.சைக் குறை' என்று பிட்யூட்டரிக்குத் தகவல் அனுப்புகிறது. அளவு குறைந்ததும் மற்றவை வாடிவிடுகின்றன. முந்தியதோ குறைந்த ஹார்மோனிலும் பிழைக்கும் அளவுக்கு ஏற்கெனவே வலுத்திருக்கிறது.

உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் ஐ.வி.எஃப். சிகிச்சையின் ஊசி இந்தப் போட்டியைக் கலைக்கிறது. வெளியிலிருந்து எஃப்.எஸ்.எச். செலுத்தி, அதன் அளவு விழாமல் பார்த்துக்கொள்கிறது. வாட வேண்டிய நுண்ணறைகளும் வளர்கின்றன. ஊசி போட்டால் எதிர்காலத்துக்கான முட்டைகள் தீர்ந்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. ஆனால் அந்த மாதத்தில் எப்படியும் வீணாகியிருக்கும் முட்டைகளைத்தான் ஊசி காப்பாற்றுகிறது.

இந்த மருந்து முதலில் கிடைத்த இடம் வியப்பானது. மாதவிடாய் நின்ற பெண்களின் சினைப்பை பதில் சொல்வதில்லை. அதனால் பிட்யூட்டரி மேலும் மேலும் எஃப்.எஸ்.எச். சுரக்க, மிகுதி சிறுநீரில் வெளியேறுகிறது. இத்தாலியில் கன்னியர் மடங்களில் வாழ்ந்த வயதான துறவியரின் சிறுநீரைச் சேகரித்து அதிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்ட ஒரு பெண்ணுக்கு 1962இல் இஸ்ரேலில் குழந்தை பிறந்தது. 1978 ஜூலையில் பிறந்த உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தை, இயல்பாக முதிர்ந்த ஒற்றை முட்டையிலிருந்து உருவானது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் பிறந்த குழந்தைக்கோ ஊசியால் தூண்டப்பட்ட சினைப்பையிலிருந்து முட்டை எடுக்கப்பட்டது. இன்று பெருமளவில், மனித மரபணு பொருத்தப்பட்ட வெள்ளெலிச் செல்கள் ஆய்வகத்தில் இந்த ஹார்மோனைத் தயாரித்துத் தருகின்றன.

இப்போது நம் புதிரின் மையத்துக்கு வருவோம். ஊசி மருந்து ரத்தத்தில் உடல் முழுக்கச் சுற்றுகிறது. ஆனால் அதைக் கேட்கும் காது நுண்ணறையின் உட்சுவர்ச் செல்களில் இருக்கிறது. அந்தப் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். வெளிமுனை ஹார்மோனைப் பிடிக்கும். நடுப்பகுதி செல்லின் சவ்வை ஏழு முறை ஊடுருவும். உள்முனை 'வளர்' என்ற செய்தியைச் செல்லுக்குள் கடத்தும். இதற்கான குறிப்பு நம் இரண்டாம் குரோமோசோமில் இருக்கிறது.

இந்த ஏற்பி 695 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதில் 680ஆம் இடத்தில் சிலருக்கு அஸ்பராஜின் இருக்கிறது, சிலருக்கு செரின். செல்லூர்த் தறியில் 695 இழைகளோடு ஓடும் பாவில் 680ஆவது இழை மட்டும் வேறு சாயமாக இருந்தால் எப்படியோ அப்படி. துணிக்கு ஒரு குறையும் இல்லை, ஓரத்தில் கரை மட்டும் சற்று மாறியிருக்கும். இத்தனைக்கும் காரணம், சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட நம் டி.என்.ஏ.யில் சிலருக்கு 'ஏ' இருக்கும் ஓர் இடத்தில் சிலருக்கு 'ஜி' இருப்பது. இரண்டில் எதுவும் நோய் இல்லை. இரண்டு வகையும் மக்களிடையே சர்வ சாதாரணம்.

ஆனால் சினைப்பைக்கு இந்த வித்தியாசம் தெரிகிறது. ஜெர்மானிய ஆய்வாளர்கள் 161 பெண்களைப் பரிசோதித்து 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அஸ்பராஜின் வகையைப் பெற்றவர்களுக்குச் சராசரியாக 32 குப்பி மருந்து போதுமாக இருந்தது. ஒன்று அது, ஒன்று இது என்று பெற்றவர்களுக்கு 41. இரண்டுமே செரின் என்றால் 47. இதில் கவனிக்க வேண்டியது, கடைசியில் மூன்று பிரிவினரும் எட்டிய ஈஸ்ட்ரோஜென் அளவு ஏறத்தாழ ஒன்றுதான். செரின் வகை ஏற்பி சற்று மெதுவாகக் கேட்கிறது, அவ்வளவே. 2005இல் வந்த இன்னோர் ஆய்வு, அப்படிப்பட்டவர்களுக்குத் தினசரி ஊசியை 150 யூனிட்டிலிருந்து 225 ஆக உயர்த்தினால் பின்னடைவு சரியாகிவிடுகிறது என்று காட்டியது.

நம் நாட்டுப் பெண்களைப் பற்றிய தடயம் மும்பையிலிருந்து வந்தது. அங்குள்ள தேசிய இனப்பெருக்க நல ஆராய்ச்சி நிறுவனத்தின் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு, ஏற்பியை விட்டுவிட்டு அதன் குறிப்பு தொடங்குவதற்கு 29 எழுத்துகள் முன்னால் உள்ள ஓர் இடத்தைக் காட்டியது. அங்கே இரு பிரதிகளிலும் 'ஏ' உள்ள பெண்களுக்கு ஊசியின் பலன் குறைவாக இருந்தது. அந்த முன்பகுதி, எத்தனை ஏற்பிகளைச் செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் விசை. ஆக, ஏற்பியின் வடிவம் மட்டுமல்ல, எண்ணிக்கையும் பேசுகிறது.

அரிதான சில மாற்றங்கள் இன்னும் தீவிரமானவை. பின்லாந்தில் சில குடும்பங்களின் பெண்களுக்குச் சினைப்பை ஏன் இயங்கவே இல்லை என்ற கேள்விக்கு 1995இல் விடை கிடைத்தது. ஏற்பியின் 189ஆம் இடத்தில் ஒரு மாற்றம். புரதம் சரியாக மடியாமல் செல்லின் உள்ளேயே தங்கிவிடுகிறது. இதற்கு நேரெதிர் விந்தை 2003இல் தெரியவந்தது. கர்ப்பத்தை உறுதிசெய்யும் பரிசோதனை அட்டையில் கோடு காட்டும் ஹார்மோன் எச்.சி.ஜி. சில பெண்களின் ஏற்பி அதையும் எஃப்.எஸ்.எச். என்றே எடுத்துக்கொண்டது. எந்த ஊசியும் போடாமலே, கருவுற்ற பின் அவர்களின் சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோத்தது.

பின்லாந்துக் கதையில் நமக்கும் ஒரு செய்தி உண்டு. அந்தக் கோளாறு வெளிப்பட, தாய்வழியில் ஒன்று, தந்தைவழியில் ஒன்று என இரண்டு பிழைப் பிரதிகள் வர வேண்டும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு திருமணம் சொந்தத்துக்குள் நடக்கிறது. மாமன் மகள், அத்தை மகன் என்று உறவு நெருங்க நெருங்க, ஒரே பிழையின் இரண்டு பிரதிகள் சேரும் வாய்ப்பும் கூடுகிறது.

ஏற்பியைத் தாண்டியும் மரபணுக்கள் வேலை செய்கின்றன. எக்ஸ் குரோமோசோமில் உள்ள எஃப்.எம்.ஆர்.1 என்ற மரபணுவில் 'சி.ஜி.ஜி.' என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலோருக்கு அது 45 முறைக்குள் முடிந்துவிடும். 55 முதல் 200 முறை வரை நீளும் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு 40 வயதுக்கு முன்பே சினைப்பை ஓய்ந்துவிடுகிறது. கருமுட்டை வளரக் கொடுக்கும் குளோமிஃபீன் மாத்திரையின் கதை வேறு. அதைக் கல்லீரலின் சி.ஒய்.பி.2டி6 என்ற நொதிதான் வீரியமுள்ள வடிவத்துக்கு மாற்றுகிறது. அந்த நொதி சிலருக்குச் சுறுசுறுப்பு, சிலருக்கு மந்தம். எனவே ஒரே மாத்திரை எல்லோர் உடலிலும் ஒரே மருந்தாக ஆவதில்லை.

இவ்வளவு தெரிந்தும் எல்லோருக்கும் முதலிலேயே மரபணுப் பரிசோதனை செய்யாததற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தின் பங்கும் சிறியது. வயதின் பங்கு பெரியது. ரத்தத்தில் ஏ.எம்.எச். என்ற ஹார்மோனின் அளவும், ஸ்கேனில் எண்ணும் நுண்ணறைகளும் சினைப்பையின் கையிருப்பை நன்றாகவே காட்டிவிடுகின்றன. மருத்துவர் அவற்றை வைத்து அளவைத் தொடங்கி, சில நாளுக்கொரு முறை ஸ்கேன் பார்த்துக் கூட்டுவார் அல்லது குறைப்பார். குறைந்தால் முட்டை போதாது, மிஞ்சினால் சினைப்பை வீங்கும். முதல் சுற்றில் முட்டை குறைந்தால், அது அடுத்த சுற்றின் அளவைத் திருத்தக் கிடைத்த தகவல்.

செல்லூருக்குப் பக்கத்திலேயே, கோரிப்பாளையத்தில் இருக்கிறது பெரியாஸ்பத்திரி என்று ஊரே சொல்லும் அரசு இராசாசி மருத்துவமனை. சென்னை எழும்பூரிலும் இங்கும் அரசு கருத்தரிப்பு மையம் என்று தமிழக அரசு அறிவித்தது. எங்கே சிகிச்சைக்குப் போனாலும், அந்த மையம் இத்தகைய மையங்களுக்கான 2021ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேளுங்கள். அம்மாவுக்கும் அக்காவுக்கும் மாதவிடாய் எந்த வயதில் நின்றது என்று விசாரித்து டாக்டரிடம் சொல்லுங்கள், காசில்லாமல் கிடைக்கும் மரபணுத் தகவல் அது. கணவருக்கும் பரிசோதனை செய்யுங்கள், காரணம் பல வீடுகளில் அங்கேயும் இருக்கிறது. ஒரே ஓர் எழுத்து மாறியதற்காக எந்தப் பெண்ணும் ஏச்சு வாங்கத் தேவையில்லை.