பழங்கணினியும் மாறாப் பற்றும்

புதிய கருவி வந்ததும் பழையதை எடைக்குப் போடுவது உலக வழக்கம். சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளின் பழைய பொருள் கடைகளில் பழுதுற்ற கணினிகளும் இரும்புச் சாமான்களோடு சேர்ந்தே நிறுவையில் ஏறுகின்றன. ஆனால், அவற்றினும் மூத்த, நாற்பது ஆண்டுகள் கடந்த வீட்டுக் கணினிகளைத் தேடி வாங்கிப் பழுதுநீக்கிப் போற்றும் ஆர்வலர்கள் பல நாடுகளில் உள்ளனர். பயன்பாடு ஒழிந்த கருவியின்மீது இத்துணைப் பற்று ஏன்?

1982ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கிளைவ் சின்கிளேரின் நிறுவனம் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்னும் கணினியை வெளியிட்டது. இரப்பர் விசைகள் கொண்ட சிறு பெட்டி அது. வீட்டுத் தொலைக்காட்சியே அதற்குத் திரை. பாட்டுக் கேட்கும் ஒலிநாடாக் கருவியே சேமிப்பகம். நிரல் கீச்சொலியாக நாடாவில் பதிவாகும். அதைக் கணினியில் மீண்டும் ஏற்றச் சில நிமிடங்கள் பிடிக்கும். ஒலியளவு சற்றே பிசகினாலும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அந்த எரிச்சலையும் இன்று பலர் ஏக்கத்தோடு நினைவுகூர்வது வியப்பே.

இந்தியாவில் 1984இல் நடுவணரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டம் ஏறத்தாழ 250 பள்ளிகளுக்குப் பிபிசி மைக்ரோ கணினிகளைக் கொண்டுசேர்த்தது. அதன் நினைவகம் 32 கிலோபைட். இன்று திறன்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் 3 மெகாபைட் எனில், அதைத் தாங்க அத்தகைய ஏறத்தாழ நூறு கணினிகளின் நினைவகம் வேண்டும். எனினும், மின்விசையை அழுத்திய நொடியே அக்கணினி கட்டளைக்குக் காத்து நிற்கும். பேசிக் மொழியில் இரண்டு வரிகள் எழுதினால், மாணவரின் பெயர் திரை முழுதும் ஓடும். நினைவகத்தின் எப்பகுதியில் எது உள்ளது என்பதைக் கையேட்டின் துணையோடு ஒருவரே கற்றுத் தேறலாம். இன்றைய கணினியின் உள்ளமைப்பு முழுவதையும் அறிந்தவர் எனத் தனியொருவரைச் சுட்டுதல் அரிது. முழுதும் அறிந்த ஒன்றின்மீது உரிமையுணர்வு தோன்றுதல் இயல்பு. ஆர்வலரின் பற்றுக்கு வேர் அதுவே.

காலம் இக்கணினிகளை விட்டுவைப்பதில்லை. மின்தேக்கிகள் கசிகின்றன, ஸ்பெக்ட்ரத்தின் விசைகளுக்கு அடியிலுள்ள மெல்லிய நெகிழித்தாள் விரிசலுறுகிறது, நாடாவின் காந்தப்பதிவு மங்குகிறது. ஆர்வலர்கள் உதிரிகளை மாற்றுவதோடு, நாடாக்களிலுள்ள நிரல்களையும் படியெடுக்கின்றனர். பழங்கணினியைப் போலவே செயற்படும் மென்பொருளின் வழியே அந்நிரல்கள் புதிய கணினியில் மீண்டும் இயங்குகின்றன.

இத்தகைய மீட்புப்பணி தமிழுக்கும் தேவைப்படுகிறது. 1984இல் கனடாவில் முனைவர் சீனிவாசன் ‘ஆதமி’ என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். அடுத்த ஆண்டே மலேசியாவில் முத்து நெடுமாறனின் ‘முரசு’ தோன்றியது. அவற்றைத் தொடர்ந்து பல எழுத்துருக்கள் வந்தன. அவை ஒரே தமிழெழுத்துக்கு வெவ்வேறு குறியெண்களை வழங்கின. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ‘தாம்’, ‘தாப்’ என்னும் பொதுக் குறியேற்றங்களை அறிவித்தது. 2010இல் ஒருங்குறியை ஏற்றது.

அதற்கு முன்னர் நெகிழ்வட்டுகளில் சேமித்த கதைகளையும் ஆய்வேடுகளையும் இன்று திறந்தால், பெரும்பாலும் பொருளற்ற குறிகளே திரையில் தெரியும். அவற்றை மீட்க முதலில் நெகிழ்வட்டைப் படிக்கும் பழைய கருவி வேண்டும். பின்னர் அன்றைய எழுத்துருவின் குறியெண் பட்டியல் வேண்டும். இரண்டும் கிடைத்துவிட்டால் ஒருங்குறிக்கு மாற்றுவது சில நொடிப் பணியே. பட்டியலை நூல்களிலும் தேடலாம். பழுதின்றி இயங்கும் கருவியோ, தம் கணினியை எடைக்குப் போடாமல் பரணில் வைத்துப் பேணியவரிடமே பெரும்பாலும் கிடைக்கிறது.