வலையின் அடியில் ஈயம்

தூத்துக்குடி மாவட்டத்து வேம்பார் கரையில் காயப்போட்ட வலையை உற்றுப் பாருங்கள். மேல்கயிற்றில் மிதவை, அடிக்கயிற்றில் ஈயக்குண்டு. ஒன்று தூக்க, மற்றது இழுக்க, தண்ணீருக்குள் வலை சுவராக நிற்கும்.

இதே கடலில் முத்துக்குளித்தவர்களைக் கீழே இறக்கியது கல். கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து இறங்குவார்கள். தரை தொட்டதும் தோணியில் இருப்பவர் கல்லை மேலே இழுத்துக்கொள்வார். தூத்துக்குடியில் கடைசிக் குளிப்பு 1961-இல் முடிந்தது. ஒரு கிலோ கருங்கல் கடல்நீருக்குள் ஏறக்குறைய 620 கிராம் எடைதான் காட்டும். ஈயமோ 910 கிராம்; அளவிலும் கைக்குள் அடங்கிவிடும். வலைக்காரர்களுக்கு ஈயம் பிடித்துப்போனதில் ஆச்சரியம் என்ன?

327 டிகிரி செல்சியஸில் அது உருகிவிடும், விறகடுப்பே போதும். வினையும் அங்கேதான். வார்க்கும் அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் அது சட்டென நீராவியாகி, உருகிய ஈயத்தை முகத்தில் தெறிக்கவிடும். ஈயத்துக்காகப் பழைய பேட்டரியை உடைத்து உருக்குவது இன்னும் மோசம்: உள்ளே அமிலம், தட்டுகளில் ஈயத்தூள். அந்தத் தூள் உடுப்போடு வீட்டுக்குள் வந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அன்னப்பறவைகள் விழுங்கிச் சாகின்றன என்பதற்காகவே பிரிட்டன் 1987-இல் தூண்டிலுக்கான சிறு ஈயக்குண்டுகளைத் தடைசெய்தது.

பழைய பேட்டரியை உடைக்காமல், அதை விற்ற கடையிலேயே கொடுத்துவிடுங்கள். குண்டு வார்க்கத்தான் வேண்டுமென்றால் திறந்தவெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று, உலர்ந்த அச்சில். ஈயம் உருக்கிய சட்டி மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது.