கோல்ட்றேன் வாசித்த கவிதை

சொற்கள் இல்லாத இசையில் என்ன கருத்து இருக்கமுடியும் என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் என்னிடமிருந்த ஒரு கசற் நினைவுக்கு வருகிறது. ஜோன் கோல்ட்றேனின் 'எ லவ் சுப்றீம்'. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், யாரோ பதிந்ததிலிருந்து இன்னொருவர் பதிந்து, கைமாறி என்னிடம் வந்தது. மட்டையில் பெயர் மாத்திரம் பேனாவால் எழுதியிருந்தது. ஐந்தாறு வருடங்கள் அதைக் கேட்டேன். கேட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1964 டிசம்பர் 9ஆம் திகதி நியூ ஜேர்சியில் பதிவான இசைத்தட்டு இது. கோல்ட்றேனின் சக்ஸபோனுடன் மக்கோய் ரைனர் பியானோ, ஜிம்மி கரிசன் பேஸ், எல்வின் ஜோன்ஸ் ட்றம்ஸ். நான்கு பகுதிகள், ஏறக்குறைய 33 நிமிடங்கள். முதற்பகுதியில் பேஸ் நான்கே சுரங்களைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. பிற்பாடு சக்ஸபோன் அந்த நான்கையும் எடுத்துப் பன்னிரண்டு சுருதிகளிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறது. முதன்முறை கேட்டபோது ஆள் வழிதவறிவிட்டார் என்றே எண்ணினேன். அது முடிந்த பின்னர்தான் மனிதக்குரல் வருகிறது. அதே நான்கு சுரங்களில், நான்கு அசைகளாக, தலைப்பைச் சொல்கிறது. சுரம் முந்தி, சொல் பிந்தி.

என் சிக்கல் நான்காம் பகுதியோடுதான். அங்கே தாளக்கட்டு இல்லை. ட்றம்ஸ் உருண்டுகொண்டிருக்க, சக்ஸபோன் இழுத்து இழுத்து எதையோ முறையிடுகிறது. கச்சேரி முடிவில் மங்களம் பாடுவதுபோல ஒரு சடங்கு என்று நினைத்துப் பலநாள் அந்த இடத்தில் கசற்றை நிறுத்தியிருக்கிறேன்.

பிறகு ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் அசல் உறையைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே கோல்ட்றேன் எழுதிய நீண்ட பிரார்த்தனைக் கவிதை. நான்காம் பகுதி அந்தக் கவிதையை இசையாற் சொல்வது என்று அவரே பக்கத்திலிருந்த கடிதத்தில் எழுதியிருந்தார். அவர் எதையும் ஒளிக்கவில்லை. உறைதான் என்னிடம் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். பெரும்பாலும் அசைக்கு ஒரு சுரம். வரி முடியுமிடத்தில் மூச்சு. இறைவனுக்கு நன்றி சொல்லும் வரி திரும்ப வரும்போது அதே இறக்கமும் திரும்ப வருகிறது. லூயிஸ் போர்ட்டர் என்ற ஆய்வாளர் இதனை அசை அசையாக ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். புத்தகத்தையும் வாத்தியத்தையும் 'வாசிக்கிறோம்' என்று ஒரே வினையாற் சொல்லும் மொழிக்காரனுக்கு இது இவ்வளவு காலம் பிடித்திருக்கவேண்டாம். நாதஸ்வரத்தில் கீர்த்தனை வாசிக்கும்போது சாகித்தியம் தெரிந்தவனுக்குச் சொல் கேட்கத்தானே செய்கிறது?

'அப்படியானால் இது பக்தி இசைதானே' என்றார் ஒரு நண்பர். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. ஆனால் ஒரு இசைத்தட்டைத் தனியே வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியல்ல. அதன் அயலிலுள்ளவற்றையும் கேட்கவேண்டும். 1963 செப்ரெம்பர் 15இல், அலபாமா மாநிலத்தின் பேர்மிங்ஹாம் நகரில், வெள்ளை இனவெறியர்கள் தேவாலயமொன்றில் வைத்த குண்டு நான்கு கறுப்பினச் சிறுமிகளைக் கொன்றது. இரண்டு மாதங்களின் பின், நவம்பர் 18இல், இதே நால்வரும் 'அலபாமா'வைப் பதிவு செய்தார்கள். அதன் தொடக்கத்திலும் தாளக்கட்டு இல்லை; கீழே பியானோ முணுமுணுக்க, மேலே சக்ஸபோன் பேசுவதுபோல வாசிக்கிறது. ஒன்று இரங்கல், மற்றது துதி. என் காதுக்கு இரண்டும் ஒரே குரல். 'அலபாமா'வைக் கேட்ட பிறகு அந்த நன்றியை வெறும் பக்தியாக என்னால் கேட்கமுடியவில்லை. இந்தச் சிறுமிகள் கொல்லப்பட்ட நாட்டில், ஒரு வருடத்தின் பின், ஒரு கறுப்பு மனிதன் எதற்காக நன்றி சொல்கிறான்? நண்பருக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் கேள்வியை எழுப்பியது சொல்லே இல்லாத இசை.

1965 ஒக்ரோபரில் சியாற்றிலில் இதே படைப்பை, இன்னும் சிலரைச் சேர்த்துக்கொண்டு, 75 நிமிடங்கள் வாசித்திருக்கிறார். அந்த ஒலிப்பதிவு 2021இல்தான் வெளிவந்தது. இப்போது அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இம்முறை உறையை முதலில் வாசித்துவிட்டேன்.