பெட்ரோல் காரா, மின்சாரக் காரா? பாகூரிலிருந்து ஒரு கணக்கு

விஞ்ஞானம் நாளுக்கு நாள் புதுமைகளைப் படைத்து வருகிறது. நேற்றுவரை படத்தில் மட்டும் பார்த்த மின்சாரக் கார் இன்று பாகூர்க் கடைத்தெருவிலேயே ஓசையின்றி நம்மைக் கடந்து போகிறது. பெட்ரோல் கார் ஆரன் அடிப்பதற்கு முன்பே உறுமலால் தன் வரவைத் தெரிவித்துவிடும். மின்சாரக் காரோ பின்னால் வந்து நிற்பதுகூடத் தெரிவதில்லை.

இவ்விரண்டில் எது சிறந்தது என்று எங்கள் வகுப்பில் ஒருநாள் பேச்சு எழுந்தது. "புகையே இல்லாத மின்சாரக் கார்தான் சிறந்தது, இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?" என்றார் ஒரு தோழி. "புகை இல்லை என்று யார் சொன்னது? அந்தப் புகை நெய்வேலியில் வருகிறது" என்றார் மற்றொருவர். இவர்களில் யார் சொல்வது சரி என்று பார்க்க நாங்கள் ஒரு கணக்குப் போட்டோம். அதையே இங்கு எழுதுகிறோம்.

பழையதும் புதியதும்

மின்சாரக் காரைப் புதிய கண்டுபிடிப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது பெட்ரோல் காரின் உடன்பிறப்பு. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-இல் பெட்ரோல் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். 1888-இல் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, கணவரிடம் சொல்லாமலே அந்த வண்டியில் சுமார் 100 கிலோமீட்டர் சென்றார். பெட்ரோல் பங்க் என்பதே இல்லாத காலம் அது. வழியில் ஒரு மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கி ஊற்றினார். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணத்தைச் செய்து காட்டியவர் ஒரு பெண்மணி என்பது நமக்குப் பெருமை.

மின்சாரக் காரும் அப்போது பின்தங்கியிருக்கவில்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலில் தாண்டியதே ஒரு மின்சாரக் கார்தான். 1899-இல் பாரிசுக்கு அருகில் அதை ஓட்டியவர் பெல்ஜியம் நாட்டவரான கமீல் ஜெனாட்சி. 'ஒருபோதும் திருப்தி அடையாதவள்' என்னும் பொருள்படும் பிரெஞ்சுப் பெயரை அந்தக் காருக்கு அவர் சூட்டியிருந்தார்!

அந்நாளில் பெட்ரோல் காரைக் கிளப்ப முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். அது எதிர்த்துச் சுழன்றால் கை முறியும். ஆகவே அமெரிக்காவில் பல பெண்கள் மின்சாரக் காரையே விரும்பினார்கள். பெட்ரோல் கார்களை இலட்சக்கணக்கில் செய்து விற்ற ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியதும் ஒரு மின்சாரக் கார்தான். 1912-இல் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின் ஸ்டார்ட்டர் கார்களில் வந்ததும் கைப்பிடி மறைந்தது. பெட்ரோலும் மலிவாகக் கிடைத்தது. மின்சாரக் கார் மெல்ல மெல்ல மறக்கப்பட்டது.

நம் நாட்டில் 1993-இல் 'லவ்பேர்ட்' என்ற இருவர் அமரும் மின்சாரக் கார் அறிமுகமாயிற்று, அதிகம் விற்கவில்லை. 2001-இல் பெங்களூரிலிருந்து 'ரேவா' வந்தது. அது இலண்டன் தெருக்களிலும் ஓடியது. இன்று நமக்கு அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூரிலேயே மின்சாரக் கார்கள் உருவாகின்றன. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியிலும் ஒரு தொழிற்சாலை திறக்கப்பட்டது.

உள்ளே நடப்பது என்ன?

பெட்ரோல் எஞ்சின் சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நுழைகின்றன. பிஸ்டன் அக்கலவையை அழுத்துகிறது. ஸ்பார்க் பிளக்கிலிருந்து ஒரு பொறி பறக்கிறது. கலவை வெடித்துப் பிஸ்டனைத் தள்ளுகிறது. எரிந்த புகை சைலென்சர் வழியே வெளியேறுகிறது. ஒரு நிமிடத்தில் இது ஆயிரக்கணக்கான முறை நடக்கிறது.

இதில் பெருங்குறை ஒன்று உண்டு. பெட்ரோல் எரிந்து வரும் வெப்பத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. மீதி முக்கால் பங்கும் ரேடியேட்டரிலும் புகையிலும் வெறும் சூடாகப் போய்விடுகிறது. நான்கு ரூபாய்க்கு அரிசி வாங்கி ஒரு ரூபாய் அரிசியை மட்டும் உலையில் இட்டு, மீதியை வாசலில் கொட்டினால் அம்மா சும்மா விடுவார்களா?

மின்சாரக் காரில் வெடிப்பும் இல்லை, பிஸ்டனும் இல்லை. பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் மோட்டாரைச் சுழற்றுகிறது. வீட்டு மின்விசிறி சுழல்வதும் இதே தத்துவத்தில்தான். பேட்டரியிலுள்ள ஆற்றலில் முக்கால் பங்கிற்கும் மேல் சக்கரத்தைச் சேர்ந்துவிடுகிறது. பிரேக் போடும்போது மோட்டாரே டைனமோவாக மாறி, வீணாகப் போகும் வேகத்தில் ஒரு பகுதியை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. எஞ்சின் ஆயில் மாற்றும் வேலையும் கிடையாது.

புதுவை போய்த் திரும்ப

பாகூரிலிருந்து புதுவை சுமார் 20 கிலோமீட்டர். போய்த் திரும்ப 40 என்று வைத்துக்கொள்வோம்.

பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடுமானால் சுமார் 2.7 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் செலவு 270 ரூபாய். சிறிய மின்சாரக் காருக்கு, சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, சுமார் 6 யூனிட் மின்சாரம் வேண்டும். யூனிட் 6 ரூபாய் என்றால் 36 ரூபாய்தான். இங்கே மின்சாரக் கார் எளிதாக வெற்றி பெறுகிறது. ஆனால் வாங்கும்போது அதன் விலை பெட்ரோல் காரைவிட அதிகம். நாள்தோறும் ஓடும் வாடகைக் காருக்கு அந்தக் கூடுதல் பணம் விரைவில் திரும்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் வீட்டுக் காருக்குத் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும்.

இனிப் புகையைப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. ஆகவே பெட்ரோல் கார் புதுவை போய்த் திரும்ப 6 கிலோவிற்குச் சற்று மேல் வெளியிடுகிறது.

மின்சாரக் கார் சாலையில் எதையும் வெளியிடுவதில்லை. ஆனால் அந்த 6 யூனிட் மின்சாரம் எங்கோ ஓரிடத்தில் உற்பத்தியாக வேண்டுமல்லவா? இந்தியா முழுவதற்கும் சராசரி பார்த்தால் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அப்படியானால் நம் பயணத்திற்கு 4.2 கிலோ. பெட்ரோலைவிட இது குறைவுதான். அந்த 6 யூனிட்டும் பழுப்பு நிலக்கரியிலிருந்து மட்டுமே வந்தால் என்னவாகும்? பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி ஈரம். அதை எரித்தால் யூனிட்டுக்குச் சுமார் 1¼ கிலோ வாயு வரும். 6 யூனிட்டுக்கு 7½ கிலோ! பெட்ரோலைவிட அதிகம். இந்த விடையைக் கண்டதும் முதலில் பேசிய தோழி மௌனமானார்.

நம் காலடியில் உள்ள நிலக்கரி

புதுச்சேரிக்கு வரும் மின்சாரத்தில் ஒரு பகுதி நெய்வேலியிலிருந்து வருகிறது. கல்பாக்கம் அணுமின் நிலையத்திலிருந்தும், தொலைவிலுள்ள பிற நிலையங்களிலிருந்தும் பங்கு கிடைக்கிறது. காரைக்காலில் இயற்கை எரிவாயுவால் இயங்கும் 32.5 மெகாவாட் நிலையம் ஒன்று உண்டு.

நெய்வேலியில் 1956-இல் நிறுவனம் தொடங்கியது. 1962-இல் மின் உற்பத்தி ஆரம்பமாயிற்று. நாம் இரவில் விளக்கெரித்துப் படிப்பதற்கு அந்தச் சுரங்கத் தொழிலாளர்களின் உழைப்பும் ஒரு காரணம். அதை மறப்பதற்கில்லை. ஆனால் நிலக்கரி எடுக்க வேண்டுமானால் மேலேயுள்ள நிலத்தைத் தோண்டியாக வேண்டும். 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்திற்காகக் கால்வாய் வெட்ட, நெற்பயிர் நின்ற வயலிலேயே இயந்திரங்கள் இறங்கின. அந்தப் படத்தைப் பார்த்து மனம் வருந்தாத விவசாயக் குடும்பம் நம் பக்கத்தில் இராது.

இது பிறர் கதை மட்டுமன்று. 1880-களிலேயே பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஆழ்கிணறு தோண்டியபோது பாகூர்ப் பகுதியில் பழுப்பு நிலக்கரி தென்பட்டது. புதுச்சேரிப் பிரதேசத்தில் சுமார் 41 கோடி டன் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். புதுவையின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற நம் பாகூரின் வயல்களுக்கு அடியில் அது இன்றும் வெட்டப்படாமல் கிடக்கிறது. நாளை எல்லோரும் மின்சாரக் கார் வாங்கி, அதற்கு வேண்டிய மின்சாரம் முழுவதையும் நிலக்கரியிலிருந்தே எடுக்க முனைந்தால், தோண்டப்படும் வயல் யாருடையதாக இருக்கும்?

சூரியன் தரும் விடை

பெட்ரோல் காருக்கு எத்தனை ஆண்டு போனாலும் பெட்ரோல்தான் வேண்டும். மின்சாரக் காருக்கோ மின்சாரம் எங்கிருந்து வந்தாலும் போதும். இதுவே அதன் உண்மையான உயர்வு என்று நாங்கள் கருதுகிறோம். நம் பகுதியில் வீட்டுக் கூரைமேல் வைக்கும் 1 கிலோவாட் சூரியத் தகடு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 1½ கிலோவாட் இருந்தால் நம் புதுவைப் பயணத்திற்கான 6 யூனிட் கிடைத்துவிடும். கார் வெளியே போயிருக்கும் பகல் வேளையில் அந்த மின்சாரத்தை மின் கம்பிக்குக் கொடுத்து, இரவில் திரும்பப் பெறலாம். அப்போது மேலே போட்ட கணக்கில் 6 கிலோவும் 7½ கிலோவும் மறைந்து, ஓடும்போது வரும் புகை ஏறக்குறைய இல்லை என்றாகிறது.

மறக்கக் கூடாதவை

மின்சாரக் காரிலும் குறை உண்டு. அதன் லித்தியம் பேட்டரியை உருவாக்கியதற்காக 2019-இல் மூன்று விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் பலவகைப் பேட்டரிகளுக்கு வேண்டிய கோபால்ட் பெரும்பாலும் காங்கோ நாட்டிலிருந்து வருகிறது. அங்குள்ள சில சுரங்கங்களில் நம் வயதுச் சிறுவர் சிறுமியர் மண் சுமந்து வேலை செய்ததை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளைகள் அவர்கள். கோபால்ட் சேராத பேட்டரிகளும் இப்போது பரவி வருவது ஓர் ஆறுதல். மேலும், பேட்டரி செய்வதற்கே நிறைய ஆற்றல் செலவாவதால், மின்சாரக் கார் சில பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகே அந்தக் கடன் தீரும்.

புயலையும் நாம் அறிவோம். 2011 டிசம்பரில் 'தானே' வீசியபோதும், 2024 நவம்பர் இறுதியில் 'பெஞ்சல்' வந்து தென்பெண்ணை பெருகியபோதும் நம் பகுதியில் மின்சாரம் நின்றுபோனது. அப்படிப்பட்ட நாளில் மின்சாரக் காருக்கு ஏது சார்ஜ்? அவசரத்திற்குப் பெட்ரோல் வண்டியே உதவும். எனவே மழைக்காலத்தில் புயல் எச்சரிக்கை கேட்டவுடன் பேட்டரியை நிரப்பி வைப்பதே அறிவுடைமை.

முடிவு

ஆகவே, தோழியர் இருவரும் சொன்னதில் உண்மை இருக்கிறது. மின்சாரக் கார் சிக்கனமானது. கடைத்தெருவில் நடந்து போகும் குழந்தையின் மூச்சைக் கெடுக்காதது. அதே வேளையில் அதன் புகை வேறோர் ஊரின் தலைமேல் விழாதவாறு பார்த்துக்கொள்ளும் கடமை நமக்கு உண்டு. கார் வாங்க எண்ணும் பெற்றோர், கூரையில் ஒரு சூரியத் தகடு வைக்கவும் எண்ண வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

கார் இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். ஐம்பது பேர் சேர்ந்து ஏறும் பஸ், டீசலில் ஓடினாலும்கூட, ஒருவர் தனியே போகும் எந்தக் காரையும்விடச் சிக்கனமானது. நாள்தோறும் பஸ்ஸிலும் சைக்கிளிலும் பள்ளிக்கு வரும் நாம், இந்தப் போட்டியில் ஏற்கெனவே முதல் பரிசு பெற்றவர்கள் அல்லவா!