விழா முடிந்த வீடு



கார்த்திகை தீபம் முடிந்துவிட்டது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நிறைத்த கூட்டம் ஊர் திரும்பிவிட்டது. திருவண்ணாமலையில் இருக்கும் நமக்கும் அந்த நாள்களில் தூக்கம் குறைவுதான். இப்போது வாடைக்காற்றும் பனியும். நாமோ திருவருகைக் காலத்தில் இருக்கிறோம். வெள்ளையடிப்பு, புதுத்துணி, பலகாரம், குடில் என்று வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. இதில் ஓய்வுக்கு எங்கே போவது?

யோவான் நற்செய்தி 10-ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு குறிப்பு உண்டு. பெரும்பாலும் நாம் கவனிக்காமல் கடந்துவிடுவோம். எருசலேமில் கோவில் அர்ப்பண விழா. குளிர்காலம். இயேசு சாலமோன் மண்டபத்தில் நடந்துகொண்டிருக்கிறார். தீட்டுப்பட்ட கோவிலை யூதா மக்கபே தூய்மைப்படுத்தி, புதுப் பலிபீடம் கட்டி அர்ப்பணித்ததன் நினைவாக 8 நாள் நடக்கும் விழா அது (1 மக் 4). இன்றும் யூதர்கள் 8 இரவுகள் வீட்டில் விளக்கேற்றுகிறார்கள். கோவில் நகரம், விளக்கு விழா, குளிர், கூட்டம்: நமக்குப் பழக்கமான காட்சிதான்.

அங்கே அவரைச் சூழ்ந்துகொள்கிறார்கள். கேள்வி, வாக்குவாதம், கடைசியில் கையில் கல். இயேசு விலகி யோர்தானுக்கு அக்கரை போய், யோவான் முதலில் திருமுழுக்குக் கொடுத்த இடத்தில் தங்குகிறார் (10:40). தூய ஆவி அவர்மேல் இறங்கித் தங்கினார் என்று யோவான் சான்று சொன்னபோதும் (1:32) கிரேக்க மூலத்தில் இதே சொல்தான். ஓய்வு என்றால் சும்மா கிடப்பது என்று நினைக்கிறோம். இயேசுவுக்கு அது, தந்தையின் அன்பு தமக்கு உறுதியான இடத்துக்குத் திரும்பிப் போய்த் தங்குவது.

நம் மலையிலேயே அப்படித் தங்கிய துறவி ஒருவர் உண்டு. பிரான்சு நாட்டு பெனடிக்டின் துறவி ஹென்றி லெ சோ. 1948-இல் இந்தியா வந்தார். 1949 ஜனவரியில் ரமண மகரிஷியைக் காண இங்கே வந்தார். 1950-இல் அருள்தந்தை ஜூல்ஸ் மோன்சானினோடு குளித்தலை அருகே காவிரிக்கரையில் சாந்திவனத்தைத் தொடங்கி, அபிஷிக்தானந்தர் என்று பெயர் ஏற்றார். 1952 முதல் சில ஆண்டுகள், இடையிடையே வந்து அருணாசல மலைக் குகைகளில் மௌனமாய் இருந்தார். அவருடைய இறையியல் கருத்துகளை எல்லாரும் ஏற்கவில்லை. அது வேறு பேச்சு. மௌனத்தில் இறைவன் இருக்கிறார் என்று நம்பி உட்கார்ந்தாரே, அதுதான் நமக்கு வேண்டியது.

நமக்குக் குகை கிடையாது. வீடுதான். வீட்டில் ஓய்வு யாருக்குக் கிடைக்கிறது? ஞாயிறு திருப்பலி முடிந்து வந்ததும் அப்பாவுக்கு நாளிதழ், பிள்ளைகளுக்குக் கைப்பேசி, அம்மாவுக்கு அடுப்படி. கறி வெந்து, பாத்திரம் கழுவி அவர் உட்காரும்போது மணி மூன்று. இணைச்சட்ட நூலில் (5:14) ஓய்வுநாள் கட்டளை குடும்பத் தலைவரோடு நிற்கவில்லை. மகன், மகள், அடிமை, அடிமைப்பெண், மாடு, கழுதை, அந்நியர் எல்லாரையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. அடிமைகளும் உன்னைப் போல் ஓய்ந்திருக்க வேண்டும் என்கிறது. அடுத்த வசனம், நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்தவன் என்று நினைவூட்டுகிறது. இன்னொருவர் முதுகில் ஏறி எடுக்கும் ஓய்வை அந்தக் கட்டளை ஓய்வாக ஏற்கவில்லை.

ஆகவே இந்த வாரம் ஒரு நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். சமையல் எளிதாக இருக்கட்டும். ரசமும் அப்பளமும் போதும். மார்கழிப் பக்கம் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். ஆறு மணிக்குத் தொலைக்காட்சியை நிறுத்தி, மெழுகுதிரி ஏற்றி, யோவான் 10:22-42 பகுதியை ஒருவர் வாசிக்கட்டும். பிறகு பத்து நிமிடம் யாரும் பேச வேண்டாம். குழந்தை சிணுங்கினால் சிணுங்கட்டும், தாத்தா இருமினால் இருமட்டும். முதல் ஐந்து நிமிடம் கடன் தவணையும், மகனின் மதிப்பெண்ணும், பக்கத்து வீட்டுச் சண்டையும்தான் மனதில் வரும். செபம் கெட்டுவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். வருகிற ஒவ்வொன்றையும் ஆண்டவரிடம் சொல்லிவிட்டு அப்படியே இருங்கள்.

மெழுகுதிரி ஏற்றுவது வீட்டில் இளையவரின் முறை. அன்று இரவு பாத்திரம் கழுவுவது அப்பாவின் முறை.