மூடாத கதவு

வேடிக்கை பார்க்கப் போனேன், தோழர்களே! வேதனையைப் பார்த்துத் திரும்பினேன்.

காலை எட்டரை மணி. தாம்பரம் ரயில் நிலையத்தின் நடைபாலத்தில் நிற்கிறேன். கீழே, கடற்கரைக்குப் புறப்படும் மின்சார வண்டி. அது நிற்குமுன்பே ஏறுகிறார்கள்; ஏறியவுடன் இடம் தேடுகிறார்கள். செங்கற்பட்டிலிருந்து மற்றொரு வண்டி வருகிறது. வரும்போதே நிறைந்து வருகிறது, தாம்பரத்தில் வழிகிறது!

என் பக்கத்தில் ஒரு மாணவன். கையிலே நோட்டு, கண்ணெல்லாம் தண்டவாளத்தில்.

“என்ன தம்பி எழுதுகிறாய்?”

“எஞ்சின் நம்பர், அண்ணே! அதோ போகிறதே, டபிள்யூ.ஏ.பி. 7. டபிள்யூ என்றால் அகலப் பாதை, ஏ என்றால் மாறு மின்சாரம், பி என்றால் பயணிகள் வண்டி, ஏழு என்பது அதன் ரகம்.”

பைத்தியக்காரப் பொழுதுபோக்கு என்று சிரிக்காதீர்கள். இங்கிலாந்திலே இதற்குப் பெரிய கூட்டமே உண்டு. 1942-ல் இயன் ஆலன் என்ற ரயில்வே எழுத்தர், எஞ்சின்களைப் பற்றிக் கேட்டு வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதிச் சலித்து, எண்களையெல்லாம் தொகுத்துச் சிறு புத்தகமாகவே வெளியிட்டார்!

இந்தத் தம்பியும் ஒரு நடமாடும் புத்தகம்தான். கடற்கரை – தாம்பரம் பாதையில் மின்சார வண்டி ஓடத் தொடங்கியது 1931-ல். மீட்டர் பாதை, 1,500 வோல்ட் நேர் மின்சாரம். 1967-ல் அது 25,000 வோல்ட் மாறு மின்சாரமாயிற்று. 2004-ல் மீட்டர் பாதை வண்டி விடைபெற, அகலப் பாதையே நிலைத்தது. 1,000 மில்லிமீட்டர் பாதை போய், 1,676 மில்லிமீட்டர் பாதை வந்தது!

பாதை அகன்றது. மின்சாரம் உயர்ந்தது. மாறாதது எது? எண்ணைப் பார்த்த தம்பிக்குப் பக்கத்தில் நின்று நான் எண்ணிப் பார்த்தேன். மாறாதது, மூடாத கதவு!

அந்தக் கதவிலே தொங்குபவன் யார்? கிண்டித் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரம் ஓட்டுபவன். மாம்பலத்துத் துணிக்கடையில் நாளெல்லாம் நின்று வேலை பார்ப்பவன். பூங்கா நிலையத்தில் இறங்கி, அரசுப் பொது மருத்துவமனைக்கு ஓடும் ஊழியன். எஞ்சினுக்கு எண் உண்டு. பெட்டிக்கு எண் உண்டு. படிக்கட்டில் ஒற்றைக் காலில் நிற்பவனுக்கு?

2018 ஜூலை 24-ஆம் நாளை மறக்க முடியுமா? மின்கம்பிக் கோளாறால், புறநகர் வண்டி விரைவுப் பாதைக்குத் திருப்பிவிடப்பட்டது. பரங்கிமலை நிலையத்தில் அந்தப் பாதையை ஒட்டிக் கான்கிரீட் தடுப்பு. படிக்கட்டில் தொங்கியவர்கள் அதில் மோதி விழுந்தார்கள். வேலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் வீடு திரும்பவில்லை.

“தொங்குவது திமிர்தானே?” என்று கேட்பார்கள், நாற்காலியிலே சாய்ந்தபடி. திமிரால் தொங்குபவர் சிலர் உண்டு, மறுக்கவில்லை. உள்ளே இடமிருந்தும் வெளியே நிற்கும் தம்பிக்கு நாமே சொல்வோம்: வீரம் காட்டும் இடம் அதுவல்ல, உள்ளே போ! ஆனால் உள்ளே கால் வைக்க இடமில்லாதவன் என்ன செய்வான்? அடுத்த வண்டிக்குக் காத்திருந்தால் அரைநாள் கூலி போகுமே! அவனைத் தொங்கவிடுவது திமிரா, தேவையா?

கதவை மூட வழியில்லையா? உண்டு! 2025 ஏப்ரல் 19 முதல் கடற்கரை – செங்கற்பட்டுப் பாதையில் குளிரூட்டிய மின்சார வண்டி ஓடத் தொடங்கியது. தானே மூடும் கதவு. மூடினால்தான் வண்டி நகரும். ஆனால் தொடக்கத்தில் குறைந்த கட்டணமே 35 ரூபாய். சாதாரண வண்டியிலோ 5 ரூபாய். குளிர்ச்சிக்குக் கூடுதல் காசு கேளுங்கள், கொடுக்க முடிந்தவர் கொடுக்கட்டும். உயிர்க்காப்புக்குமா தனி விலை?

கதவை மூடினால் காற்று வராதே என்பது பழைய சமாதானம். அதற்கும் விடை வந்துவிட்டது. 2025 ஜூன் 9-ல் மும்பையை அடுத்த மும்ப்ராவில், எதிரெதிரே சென்ற இரு வண்டிகளில் தொங்கியவர்கள் விழுந்து உயிர்கள் பறிபோயின. அன்றே ரயில்வே அறிவித்தது: குளிரூட்டாத வண்டிக்கும் தானே மூடும் கதவு, கதவிலே காற்றுப் புகும் இடுக்குகள், கூரையிலே காற்றுக் கருவி, கூட்டம் பரவிட, பெட்டிக்குப் பெட்டி வழி!

மும்பைக்கு முடியுமென்றால், தாம்பரத்துக்கு ஏன் முடியாது? பெட்டி செய்யும் தொழிற்சாலையோ, 1955 முதல் நம் பெரம்பூரிலேயே இருக்கிறது! செய்யும் கை சென்னையின் கை. தொங்கும் கையும் சென்னையின் கைதானா?

கூடுதல் வண்டி, மூடும் கதவு, ஏழைக்கேற்ற அதே கட்டணம். சலுகையல்ல, தோழர்களே! சீசன் டிக்கெட் வாங்கியவனின் உரிமை. கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்.

புறப்படும்போது தம்பியிடம் சொன்னேன்: “நோட்டிலே ஒரு பக்கம் காலியாக வை. சாதாரண வண்டி கதவை மூடிக்கொண்டு தாம்பரத்தைவிட்டுப் புறப்படும் நாளிலே, அதன் எண்ணை அதில் எழுது.”

“வைக்கிறேன் அண்ணே” என்றான். கீழே அடுத்த வண்டி நகர்ந்தது. கதவிலே கைகள் தொங்கின.