கடைக்கு முன் கணக்கு

வீட்டில் இருந்தபடியே ஒரு கடையைத் தொடங்க இன்று ஒரு கைப்பேசி போதும். முறுக்கு, பருப்புப் பொடி, சுங்குடிச் சேலை, பனையோலைக் கூடை என எதையும் படம் எடுத்து வாட்ஸ்ஆப் குழுவிலோ, இன்ஸ்டாகிராம் பக்கத்திலோ வெளியிட்டால் அன்று மாலைக்குள்ளேயே ஒருவர் விலை கேட்டுவிடுகிறார். பணமும் யுபிஐ வழியாக உடனே வங்கிக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

தொலைவில் இருப்பவருக்குப் பொருளை அனுப்பிப் பணம் பெறுவது நமக்குப் புதிதன்று. நூல்களும் மருந்துகளும் வி.பி.பி. அஞ்சலில் ஊர் ஊராகச் சென்ற காலம் ஒன்று உண்டு. அஞ்சல்காரரிடம் பணம் செலுத்தினால்தான் பொட்டலம் கைக்கு வரும். இன்று வேகம் கூடியிருக்கிறது. வணிகத்தின் அடிப்படைக் கணக்கு மாறவில்லை.

இத்தொழிலில் இறங்க விரும்புவோர் பலரும் என்னிடம் முதலில் கேட்பது, எந்தச் செயலியில் விற்கலாம் என்பதைத்தான். ஒரு பொட்டலம் வாங்குபவரின் கையைச் சென்றடையும் வரை உங்களுக்கு எவ்வளவு செலவாகும் என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலானோரிடம் அதற்கு விடை இருப்பதில்லை. மூலப்பொருளின் விலை தெரியும். மற்றவை தோராயமாகவே தெரியும்.

அனுப்பும் செலவையே எடுத்துக்கொள்வோம். கூரியர் நிறுவனங்கள் பலவும் பொட்டலத்தின் எடையை மட்டும் பார்ப்பதில்லை. அதன் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை சென்டிமீட்டரில் பெருக்கி, 5,000-ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோ எனக் கொள்கின்றன. இதனையும் உண்மையான எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் விதிக்கின்றன. ஒரு கிலோ முறுக்கு உடையாமலிருக்க 30-க்கு 25-க்கு 20 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்தால், அதன் கணக்கு எடை 3 கிலோ. அதே ஒரு கிலோ பருப்புப் பொடி சிறிய பையில் அடங்கிவிடும். எதை விற்பது என்று முடிவு செய்யும்போதே இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, திரும்பி வரும் பொட்டலம். பொருள் கிடைத்த பிறகு பணம் தரலாம் என்றால் விற்பனை கூடும் என்பது உண்மை. ஆனால், வாங்குபவர் வீட்டில் இல்லாமலோ, மனம் மாறியோ பெற மறுத்தால், போன கட்டணமும் வந்த கட்டணமும் பெரும்பாலும் விற்பவர் தலையிலேயே விழும்.

ஓர் எடுத்துக்காட்டு. விலை 300 ரூபாய். மூலப்பொருள் 120, பெட்டி 20, கூரியர் 70 என்றால் மிச்சம் 90 ரூபாய். பத்துப் பொட்டலங்களும் விற்றால் 900 ரூபாய் கிடைக்கும். இரண்டு திரும்பி வந்தால், எட்டில் கிடைப்பது 720. திரும்பிய ஒவ்வொன்றுக்கும் இருவழிக் கூரியர் 140, பெட்டி 20, மறுபடி விற்க முடியாத பண்டம் 120 என 280 ரூபாய் இழப்பு, இரண்டுக்கும் 560. ஆக, எஞ்சுவது 160 ரூபாய். பத்தில் இரண்டு திரும்பியதற்கே லாபத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போய்விடுகிறது.

இந்த 160 ரூபாயில் மாவு அரைத்தவரின், பிழிந்தவரின், அடுப்படியில் நின்றவரின் கூலி இன்னும் கழிக்கப்படவில்லை. வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்கள் பெரும்பாலும் தங்கள் உழைப்பைச் செலவாகவே எழுதுவதில்லை. கூலியைக் கழித்த பிறகு மிஞ்சுவதே லாபம். அதை அறியாமல் நகையை அடகு வைத்துத் தொழிலைப் பெருக்கினால், விற்பனையோடு நஷ்டமும் சேர்ந்தே பெருகும்.

எனவே, முதல் சில மாதங்களுக்கு முன்பணம் பெற்று மட்டுமே அனுப்புவது நல்லது. முன்பணம் தருவோருக்குச் சிறு தள்ளுபடி தரலாம். பல பொருள்களுக்கு மாறாக ஓரிரண்டு பொருள்களோடு, அருகில் உள்ள மாவட்டங்களிலிருந்து தொடங்கலாம். தொழிலுக்கெனத் தனி வங்கிக் கணக்கு வைத்தால் வீட்டுச் செலவும் கடைப் பணமும் கலக்காது.

சட்டத்தைப் பற்றிய அச்சமும் பலருக்கு உண்டு. தமிழ்நாட்டில் பொருள்களை மட்டும் மாநிலத்துக்குள் விற்பவர், ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாத வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டியதில்லை. பெரிய இணைய அங்காடிகள் வழியாக விற்பதற்கும் 2023 அக்டோபர் 1 முதல் இவ்வாறு மாநிலத்துக்குள் விற்கும் சிறு வணிகர்களுக்குத் தளர்வு தரப்பட்டுள்ளது. அதற்கென ஒரு சேர்க்கை எண் பெற்றால் போதும். வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்புவதென்றால், சில கைவினைப் பொருள்கள் நீங்கலாக, விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு தேவை. பெங்களூருவிலிருந்து வரும் முதல் ஆர்டரை ஏற்கும் முன் இதை அறிந்திருக்க வேண்டும்.

உணவுப் பொருள் என்றால், வீட்டுச் சமையலறையில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். அதன் 14 இலக்க எண்ணும், தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, விலை, தயாரித்த நாள் ஆகியனவும் உறையில் இருக்க வேண்டும். மணப்பாறை முறுக்கு, கோவில்பட்டி கடலை மிட்டாய் போன்ற பெயர்கள் புவிசார் குறியீடு பெற்றவை. வேறு ஊரில் செய்ததை அப்பெயரில் விற்க இயலாது.

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. அரசுத் தளத்தில் அதற்குக் கட்டணமே இல்லை. ஆயினும், அரசுத் தளம் போலவே தோற்றமளித்துக் கட்டணம் வசூலிக்கும் தனியார் தளங்கள் உள்ளன. வாங்குபவர் போலப் பேசி, 'இந்த க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் பணம் வரும்' என்போரும் உள்ளனர். யுபிஐ-யில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. அதைக் கேட்டாலே நம் பணம் வெளியே போகப்போகிறது என்று பொருள்.

இவையெல்லாம் எவரையும் தயங்க வைப்பதற்காகச் சொல்லப்படுபவை அல்ல. வாடகைக்கு இடம் பிடிக்காமல், இடைத்தரகர் இல்லாமல், கைத்திறனை நேரே வாங்குபவரிடம் கொண்டுசெல்லும் வாய்ப்பு முந்தைய தலைமுறைக்குக் கிடைக்காதது. அதைக் கைவிடக் கூடாது. ஆனால், பெயர்ப்பலகையும் படங்களும் தயாராகும் முன்பு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரே ஒரு பொட்டலத்தின் வரவு செலவை, உழைப்புக்கான கூலியையும் சேர்த்து எழுதிப் பாருங்கள். மிச்சம் இருக்கிறது என்றால் கடையைத் திறக்கலாம். இல்லையென்றால் விலையையோ, பொருளையோ, பெட்டியையோ மாற்றிக்கொள்ள அப்போதும் நேரம் இருக்கிறது.